ஊரை அடைத்தவர்கள் கணக்குச் சொல்லட்டும்!

பொன்னேரி

"இந்த நோய்க்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் கிடையாது" என்று 2020-ஆம் ஆண்டில் உலகத்தை ஆண்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். நோய்க்கு அந்தப் பேதம் இருந்ததோ இல்லையோ, நோயின் பெயரால் போட்ட சட்டத்துக்கு இருந்தது. அந்தச் சட்டத்தை மீறியவர்களைத் தண்டித்த முறையிலும் இருந்தது. செத்தவர்களைக் கணக்கெடுத்த முறையில் எல்லாவற்றையும் விட அதிகமாக இருந்தது.

கொரோனா என்னும் கொள்ளை நோய் வந்து போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. "நடந்தது நடந்துவிட்டது, இனி அதைப் பேசி என்ன பயன்?" என்று சிலர் கேட்கிறார்கள். பேசத்தான் வேண்டும். மில்லில் ஒரு கூடை நூல் குறைந்தால் மேஸ்திரி நம்மிடம் கணக்குக் கேட்கிறான். களத்தில் ஒரு மரக்கால் நெல் குறைந்தால் நிலச் சொந்தக்காரர் கணக்குக் கேட்கிறார். வாழ்நாள் முழுவதும் கணக்குக் கொடுத்தே பழகிய ஜனங்கள் நாம். நாடு முழுவதையும் அடைத்தவர்களிடம் ஒரு தடவை கணக்குக் கேட்டால் அது எப்படிக் குற்றமாகும்?

சீமையில் நடந்தது

முதலில் நம்மை இருநூறு ஆண்டு ஆண்ட சீமையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். அங்கே போரிஸ் ஜான்சன் பிரதம மந்திரி. 2020 மார்ச் 23-ஆம் தேதி இரவு அவர் தம் நாட்டு ஜனங்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார். ஜனங்கள் கேட்டார்கள். தாய் சாகும்போது மகன் பக்கத்தில் இல்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மனைவி வாசலில் கூட நிற்க முடியவில்லை. சவ அடக்கத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே போனார்கள். வெளியிடத்திலும் ஒருவர் தம் வீட்டைச் சேராத ஒரே ஒருவரைத்தான் பார்க்கலாம் என்பது அந்த மே மாதத்துச் சட்டம்.

அதே 2020 மே 20-ஆம் தேதி, சட்டம் போட்ட பிரதம மந்திரியின் மாளிகைத் தோட்டத்தில் ஒரு விருந்து. சுமார் நூறு பேருக்கு அழைப்பு. வருகிறவர்கள் அவரவர் மதுவை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தது! பிரதம மந்திரியும் போனார். பிறகு விசாரித்தால் இது ஒன்று அல்ல, இப்படிப் பல விருந்துகள் நடந்திருப்பது வெளியே வந்தது.

சீமை ஜனங்கள் கொதித்துப் போனார்கள். நோயால் உற்றாரை இழந்தவர்கள் பார்லிமெண்டுக்கு எதிரே, ஆற்றின் அக்கரைச் சுவரில், செத்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரைந்தார்கள். ஒன்றரை லட்சம் இதயங்களை வரைந்தும் சுவரில் வேலை முடியவில்லை. போலீஸ் விசாரித்து 83 பேருக்கு 126 அபராதங்கள் விதித்தது. 2022 ஏப்ரலில் பிரதம மந்திரிக்கே 50 பவுண்டு அபராதம், நம் பணத்தில் சுமார் 5,000 ரூபாய். இந்த விவகாரமும் வேறு சில விவகாரங்களும் சேர்ந்து அந்த ஜூலையில் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். விருந்து விஷயத்தில் அவர் பார்லிமெண்டுக்குத் தெரிந்தே தவறான தகவல் கொடுத்தார் என்று 2023 ஜூனில் பார்லிமெண்டுக் கமிட்டியே தீர்ப்புச் சொன்னது.

அதோடு விடவில்லை. பொது விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 2023 டிசம்பரில் ஜான்சனைச் சாட்சியாக உட்கார வைத்து இரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். ஊரார் பார்க்கக் கேட்டார்கள். 2025 நவம்பரில் வந்த அந்தக் கமிஷனின் அறிக்கை, ஒரு வாரம் முன்னதாக நடவடிக்கை எடுத்திருந்தால் முதல் அலையில் இங்கிலாந்தில் சுமார் 23,000 பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது.

இதனால் சீமையில் நியாய ராஜ்யம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக் கவசங்களுக்குக் காண்டிராக்ட் விட்டபோது, மந்திரிகளுக்கும் பெரிய மனிதர்களுக்கும் வேண்டிய கம்பெனிகளுக்குத் தனி வழி திறந்து வைத்திருந்தார்கள். அது சட்ட விரோதம் என்று 2022-ல் அங்கே ஹைகோர்ட்டே சொல்லிற்று. நர்சுகளுக்கு வாசலில் நின்று கை தட்டினார்கள். சம்பளம் என்று வந்தபோது 100-க்கு 1 தருகிறோம் என்றார்கள். முதலாளித்துவம் அங்கும் முதலாளித்துவம்தான். ஆனால் அங்கே ஜனங்கள் கேட்ட கேள்விக்கு ஆண்டவன் பதில் சொல்ல வேண்டி வந்தது. நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒன்றை.

1897-ஆம் வருஷத்துச் சட்டம்

அந்தச் சீமைத் துரைமார் நமக்கு விட்டுச்சென்றது எது தெரியுமா? பொது விசாரணை அல்ல, ஒரு சட்டம். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897 பிப்ரவரியில் வெள்ளைக்கார சர்க்கார் கொள்ளை நோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பூனாவில் ராண்டு என்ற துரையின் கீழ் சோல்ஜர்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். சாமான்களை வீதியில் எறிந்தார்கள், ஜனங்களை முகாமுக்கு இழுத்துப் போனார்கள். ஜனங்களின் ஆத்திரம் முற்றி, அந்த ஜூன் 22-ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். தம் பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகருக்கு ராஜத்துவேஷ வழக்கில் பதினெட்டு மாதச் சிறை கிடைத்தது.

அந்தச் சட்டம் மிகவும் சிறியது. ஆனால் அதிலே ஒரு ஷரத்து உண்டு. அந்தச் சட்டப்படி நல்லெண்ணத்தோடு செய்த எந்தக் காரியத்துக்காகவும் யார் மீதும் வழக்குப் போட முடியாது என்பதே அது. அதாவது, ஆள்பவன் கணக்குக் கொடுக்க வேண்டாம்! 1918-ல் இன்புளூயன்சா ஜுரம் வந்து இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது ஒன்றே கால் கோடியா, இரண்டு கோடியா என்று இன்றைக்கும் பண்டிதர்கள் வாதாடுகிறார்கள். எண்ணி வைக்க வேண்டும் என்று ஆண்டவனுக்குத் தோன்றவில்லை.

1947-ல் வெள்ளைக்காரன் போனான். அவன் போட்ட சட்டம் போகவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நம் சர்க்கார்கள் எடுத்துத் தூசி தட்டியது அதே 1897-ஆம் வருஷத்துச் சட்டத்தைத்தான். அந்த ஷரத்தும் அதில் அப்படியே இருந்தது.

நாலு மணி நேர நோட்டீஸ்

மில் தொழிலாளிக்குக் கதவடைப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் ஷிப்டுக்குப் போனால் கேட்டில் நோட்டீஸ் தொங்கும். அதற்குக்கூடச் சட்டத்தில் முன்னறிவிப்பு நாட்கள் உண்டு. 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி பேசினார். 12 மணிக்கு நூற்று முப்பது கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் உள்ள நாடு முழுவதற்கும் கதவடைப்பு. நாலு மணி நேர நோட்டீஸ்!

நம் பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் அதற்கு அர்த்தம் என்ன? மீன் என்பது பரணில் போட்டு வைக்கும் பண்டம் அல்ல. விடியலில் பிடித்தது அன்றே ஏலம் போக வேண்டும். ஐஸ் வேண்டும், வண்டி வேண்டும், வாங்க ஆள் வேண்டும். ஐஸ் கம்பெனி மூடினால் இறால் அழுகும். கும்மிடிப்பூண்டி ரயில் ஓடாவிட்டால் கூடை சுமக்கும் பெண்ணின் வியாபாரம் நிற்கும். ஏரியில் பாடு என்ற முறை உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். தன் முறை வந்த நாளில் ஊர் அடைந்து கிடந்தால் அந்த நாளின் வரும்படியை யார் கொடுப்பார்கள்? படகும் இல்லாமல் வலையும் இல்லாமல் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்து ஜீவனம் செய்யும் இருளர் ஜனங்களுக்கு யார் கொடுப்பார்கள்? வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது. அது வளர்ந்துகொண்டேதான் இருந்தது.

மீன்பிடித்தலுக்கு விலக்கு என்று டில்லி உத்தரவு போட்டது ஏப்ரல் 10-ஆம் தேதி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுகளுக்கு வருஷாந்திர மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். விலக்கு ஐந்தே நாள்! மே மாதக் கடைசியில்தான் ஞாபகம் வந்து தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தார்கள்.

தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசியும் குடும்பத்துக்கு 1,000 ரூபாயும் வந்தது உண்மைதான். 2021-ல் ஆட்சி மாறிய பிறகு இரண்டு தவணையில் 4,000 ரூபாய் வந்ததும் உண்மை. வந்ததை வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மாதக் கணக்கில் கூலி போன வீட்டில் 1,000 ரூபாய் எத்தனை நாள் நிற்கும் என்பது அடுப்பெரிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

மில் தொழிலாளி கதையும் இதுதான். ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச் 29-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மே மாதம் 18-ஆம் தேதியோடு சர்க்கார் தானே அந்த உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. கொடுக்காத முதலாளி மீது கடும் நடவடிக்கை கூடாது என்று ஜூனில் கோர்ட் சொன்னது. முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம்! பசித்தவனும் பூட்டிய களஞ்சியமும் பேசித் தீர்த்துக்கொள்வது எப்படி?

சட்டம் யாருக்கு?

சட்டத்தை மீறியவர்களுக்கு என்ன கிடைத்தது? 2020 ஜூன் 19-ஆம் தேதி தூத்துக்குடி ஜில்லா சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடை திறந்திருந்தது என்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. சில நாட்களுக்குள் அப்பனும் மகனும் பிணமானார்கள். சீமைப் பிரதமர் சட்டத்தை மீறினால் 50 பவுண்டு அபராதம். சாத்தான்குளத்துக் கடைக்காரர் மீறினார் என்றால் இரண்டு உயிர்!

கோயில் திறக்காத 2020 மே மாதம் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் சாராயக் கடை திறந்தது. கூட்டம் முண்டியடித்தது. ஹைகோர்ட் மூடச் சொன்னால், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்த் திறந்தார்கள். 2021 ஏப்ரல் 17-ஆம் தேதி, ஒரே நாளில் இரண்டு லட்சத்துக்கு மேல் புதிய நோயாளிகள் பதிவான அந்த நாட்களில், பிரதமர் மேற்கு வங்காளத்து ஆசன்சோலில் பெருங்கூட்டத்தைப் பார்த்துப் பூரித்துப் பேசினார். தேர்தல் கமிஷன் மீது கொலைக் குற்றமே சாட்டலாம் என்று அந்த ஏப்ரல் 26-ல் சென்னை ஹைகோர்ட் பிரதம நீதிபதி வாய்விட்டுச் சொல்லும்படி ஆயிற்று. இதற்கெல்லாம் யாருக்கு எந்த அபராதம்?

கணக்கு இல்லை!

ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். சென்னையிலிருந்து நம் பொன்னேரித் தாலுகாவை ஒட்டி வடக்கே ஆந்திராவுக்குப் போகும் சாலையிலும் நடந்தார்கள். 2020 மார்ச் 31-ஆம் தேதி சர்க்கார் வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் எழுந்து, காலை 11 மணி நிலவரப்படி சாலையில் யாரும் இல்லை என்றார். மே 8-ஆம் தேதி, ஜால்னா இரும்பு ஆலையிலிருந்து ஊருக்கு நடந்த தொழிலாளர்கள் அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் அசந்து படுத்தார்கள். கூட்ஸ் ரயில் ஏறிப் 16 பேர் செத்தார்கள். செப்டம்பர் 14-ல் பார்லிமெண்டில் கேட்டார்கள்: புலம்பெயர்ந்த தொழிலாளர் எத்தனை பேர் மாண்டனர்? கனம் தொழில் மந்திரியின் பதில்: கணக்கு இல்லை.

2021-ல் இரண்டாம் அலை. பிராணவாயு கிடைக்காமல் டில்லியில் செத்தார்கள். நம் செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மே 4-ஆம் தேதி இரவில் 13 நோயாளிகள் மாண்டார்கள். பிராணவாயு குறைந்ததே காரணம் என்று உறவினர் கதறினார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். ஜூலை 20-ல் ராஜ்ய சபையில் மந்திரி பதில் சொன்னார்: பிராணவாயு இல்லாமல் செத்ததாக எந்த ராஜ்யமும் தகவல் தரவில்லை. இந்தப் பதிலைப் பார்லிமெண்டின் சுகாதாரக் கமிட்டியே 2022-ல் கண்டித்தது.

2020, 2021 இரண்டு ஆண்டுகளில் கொரோனாவால் மாண்டவர்கள் சர்க்கார் கணக்குப்படி 5 லட்சத்துக்கும் குறைவு. உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதம் சொன்ன மதிப்பீட்டில், வழக்கத்துக்கு மேல் இந்தியாவில் நேர்ந்த சாவு 47 லட்சம். டில்லி அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. சரி, ஒப்புக்கொள்ள வேண்டாம். வேறு கணக்கு உண்டா என்று கேட்டால் அதுவும் இல்லை. செத்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று சுப்ரீம் கோர்ட் தலையிட்ட பிறகு ஏற்பாடாயிற்று. ஆனால் கணக்கிலேயே ஏறாத பிணத்தின் குடும்பம் எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் அந்தப் பணத்தைக் கேட்கும்? கணக்கு என்பது பண்டிதர்களின் வாதம் அல்ல. விதவையின் வயிற்றுப் பிரச்னை.

நோயின் பெயரால் பிரதமர் தலைமையில் பி.எம். கேர்ஸ் நிதி திரட்டினார்கள். பொதுத்துறை ஊழியர்களின் ஒருநாள் சம்பளமும் அதில் சேர்ந்தது. நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரி அதைத் தணிக்கை செய்வதில்லை. அது சர்க்கார் நிதியே அல்ல என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கும் கணக்கு இல்லை!

இதற்கு மட்டும் நேரம் இருந்தது

பிணங்களை எண்ண நேரமில்லாதவர்களுக்கு வேறு சில காரியங்களுக்கு நேரம் இருந்தது. 2020 செப்டம்பரில், ஊர்வலம் போனால் தொற்று என்று வழக்குப் போட்ட காலத்தில், மூன்று விவசாயச் சட்டங்களை நிறைவேற்றினார்கள். ராஜ்ய சபையில் எண்ணி வாக்கெடுக்காமல் குரல் வாக்கில் முடித்தார்கள். அதே வாரத்தில், எதிர்க்கட்சிகள் சபையில் இல்லாதபோது, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்று நிறைவேறின. விவசாயிகள் ஓராண்டு டில்லி எல்லையில் உட்கார்ந்து தங்கள் தலைக்கு வந்த சட்டங்களை வாபஸ் வாங்க வைத்தார்கள். தொழிலாளர் தொகுப்புகளோ 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டன.

நம் ஊர்க் காரியத்தையும் மறக்கவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் அதானி கம்பெனி கைக்கு வந்தது. சுமார் 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம். ஏரியின் முகத்துவாரம் தூர்ந்துபோகும், கரை அரிக்கும், பாடு பாழாகும் என்பது குப்பத்து ஜனங்களின் பயம். தடுப்பூசி போடவே நாட்டில் 2021 ஜனவரி 16-ல்தான் தொடங்கினார்கள். அதே ஜனவரி 22-ஆம் தேதி அந்தத் திட்டத்துக்கு ஜனங்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் என்று அறிவித்தார்கள். நாலு பேர் கூடினால் நோய் என்றவர்கள், நாலாயிரம் குடும்பத்தின் ஜீவனத்தைத் தீர்மானிக்க அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்! எதிர்ப்பு எழுந்தது, கூட்டம் தள்ளிப்போயிற்று. எழுந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

ஒரு வாதம்

"புதிய நோய். யாருக்கும் எதுவும் தெரியாது. அடைக்காமல் விட்டிருந்தால் இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான வாதம், பதில் சொல்வோம். ஊரை அடைத்ததே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நோய் பரவாமல் தடுக்க வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இருக்கத்தான் வேண்டும். அடைப்பதற்கு முன்னே அடுப்புக்கு வழி செய்தாயா என்பதுதான் கேள்வி. கேரளத்தில் ஊரடங்கு தொடங்கிய சில நாட்களுக்குள் ஊராட்சிகள் மூலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகச் சமையற்கூடங்களைத் திறந்தார்கள். அதே நோய், அதே நாடு, அதே வாரம். மனமிருந்தால் செய்திருக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

அடுத்த கொள்ளை நோய் நம்மிடம் நாள் கேட்டுக்கொண்டு வராது. சென்ற தடவை செய்த தவறு என்ன, செய்தவர் யார் என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்த தடவையும் இரவு 8 மணிக்கு ஒருவர் பேசுவார், 12 மணிக்கு நாம் அடைபடுவோம்.

நாம் செய்ய வேண்டியது

மத்திய சர்க்கார் பதவியில் இருக்கும் நீதிபதி தலைமையில் பொது விசாரணைக் கமிஷன் அமைக்க வேண்டும். அது டில்லியில் மட்டும் உட்காராமல் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் வந்து, நடந்துபோன தொழிலாளியையும் நர்சையும் மீன்காரியையும் கேட்க வேண்டும். மந்திரிகளும் அதன் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். விட்டுப்போன சாவுகளைக் கணக்கில் ஏற்றி, அந்தக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பி.எம். கேர்ஸ் நிதியைத் தலைமைக் கணக்கு அதிகாரியின் தணிக்கைக்கு விட வேண்டும். இனி ஊரை அடைத்தால், அடைக்கும் நாளன்றே ரேஷனும் கூலி ஈடும் வீடு வந்து சேரும்படி சட்டம் வேண்டும். ஊர் அடைந்து கிடக்கும் காலத்தில் ஊரின் நிலத்தையும் நீரையும் பற்றி எந்தக் கூட்டமும் எந்தத் தீர்மானமும் கூடாது.

இவற்றைக் கேட்பதோடு நில்லாமல், நம்மால் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு குப்பத்திலும், ஒவ்வொரு சேரியிலும், ஒவ்வொரு மில் யூனியனிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். 2020-லும் 2021-லும் நம் தெருவில் யார் யார் செத்தார்கள், எந்த ஆஸ்பத்திரியில், என்ன சர்டிபிகேட் கொடுத்தார்கள், பணம் வந்ததா என்று எழுதுங்கள். எத்தனை நாள் கூலி போயிற்று, எந்தக் கடன் ஏறிற்று, எந்த நகை இன்னும் அடகில் கிடக்கிறது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பாட்டி சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை எழுதட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோய்த் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

"கணக்கு இல்லை" என்று பார்லிமெண்டில் சொன்னார்கள் அல்லவா? கணக்கு இருக்கிறது. அது நம் வீடுகளில் இருக்கிறது. ஊர் ஊராக அதை எழுதிச் சேர்ப்போம். பதில் சொல்ல வேண்டியவர்கள் முன்னால் கொண்டுபோய் வைப்போம்!